தானாகப் போன கை

'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி மேசையில் வலேரா தன் கரண்டியைக் கண்ணாடித் தம்ளர்மேல் தவறவிட்டிருந்தான். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஒர்தாபெக் எழுந்து நின்றுவிட்டார்.

நின்றதோடு முடியவில்லை. முதுகு நிமிர்ந்தது. தொண்டை தானாகச் செருமிக்கொண்டது. வாயில் நீர் ஊறியது. வலது கை மேசைமேல் இருந்த தண்ணீர்த் தம்ளரை எடுத்து மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தது. கூடத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பதினான்கு நோயாளிகளும் அவரையே பார்த்தார்கள்.

"உட்காருங்க ஒரெக்கெ," என்றான் வலேரா. "கல்யாணப் பொண்ணு இன்னும் வரல."

ஒர்தாபெக் உட்கார்ந்தார். கையை மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார். 

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. தராஸ் நகரத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் முப்பது வருஷமாகக் கல்யாண விருந்து நடத்திய அசாபா. மைக்கைப் பிடித்தால் யார் வாழ்த்துச் சொல்வது, யார் ஆடுவது, எப்போது கோப்பையைத் தூக்குவது என்று முந்நூறு பேரை ஒரு விரலில் ஆட்டிவைப்பார். பெயரைச் சுருக்கி மரியாதையாக 'ஒரெக்கெ' என்றுதான் ஊரே கூப்பிடும். கத்தியின் முதுகால் கோப்பையை மூன்று தட்டுத் தட்டுவார், கூடம் அடங்கும். ஒரு கதை சொல்வார், கூடம் சிரிக்கும். "எடுத்துருவோம்" என்பார், கூடம் வோட்காவைக் குடிக்கும். அவரும் குடிப்பார். விருந்துக்கு இருபது வாழ்த்து, வாரத்துக்கு மூன்று விருந்து. முப்பது வருஷத்துக்கு அது எவ்வளவு என்று அவர் பெருக்கிப் பார்த்ததில்லை. கல்லீரல் பார்த்துவிட்டது.

கூடத்து வாசலில் கையில் தேநீரோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் ரவ்ஷான். போதை மீட்பு மருத்துவமனையின் உளவியலாளர். நாற்பது வயது, குட்டையான முடி, சிரிப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்காத முகம்.

"கஞ்சியை முடிச்சிட்டு என் ரூமுக்கு வாங்க," என்றாள். "அந்தக் கையையும் கூட்டிட்டு வாங்க."

அறையில் அவள் சுற்றி வளைக்கவில்லை.

"மணி அடிச்சு அடிச்சு நாய்க்குச் சோறு போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"பள்ளிக்கூடத்துலயே சொல்லிட்டாங்க டாக்டர். மணி அடிச்சாலே எச்சில் ஊறும். இப்போ என்ன, என்னை நாய்ங்கிறீங்களா?"

"நாய்ன்னா சுலபமா முடிஞ்சிருக்கும். அதுகிட்ட மைக் கிடையாது. அப்புறம், நான் டாக்டர் இல்ல."

ஒர்தாபெக் தன் கையைப் பார்த்தார். "இருபது நாளா ஒரு சொட்டு தொடல. குடிக்கணும்னு நெனைக்கக்கூட இல்ல. அது எப்படி எந்திரிச்சுது?"

"நீங்க நெனைக்கல. உங்க உடம்பு பாடம் ஒப்பிச்சுது." ரவ்ஷான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன். முதல் கோப்பையை யாரைப் பார்த்து எடுத்தீங்க?"

யோசிக்க வேண்டியதே இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய அசாபாவுக்கு ஒலிபெருக்கிப் பெட்டி தூக்கிக்கொண்டு போனார். அந்த மனிதர் ஒவ்வொரு கதையையும் முடித்துவிட்டு ஒரே மடக்கில் கோப்பையைக் காலி செய்து கவிழ்த்துக் காட்டுவார். கூடம் கைதட்டும். அதுதான் தொழில் என்று ஒர்தாபெக் எடுத்துக்கொண்டார்.

"பார்த்துக் கத்துக்கிட்டீங்க. சரி, குடிச்சதும் என்ன ஆச்சு?"

"மேடை பயம் போச்சு. கை நடுக்கம் நின்னுது."

"பயம் போனது முதல் பரிசு. அப்புறம் குடிக்காததாலயே கை நடுங்க ஆரம்பிச்சிருக்கும். அந்த நடுக்கம் நிக்கிறது ரெண்டாவது பரிசு. எதுக்குப் பரிசு கிடைக்குதோ அதை உடம்பு திரும்பச் செய்யும். நடுவுல அந்த 'டிங்' சேர்ந்துக்கிச்சு. முப்பது வருஷம் 'டிங்' கேட்டதும் வோட்கா வந்திருக்கு. இதுல விதியும் இல்ல, உங்க குணமும் இல்ல. படிச்ச பாடம்."

"படிச்சதை மறக்க முடியுமா?"

"அழிக்க முடியாது. ஆனா அதுக்கு மேல வேற பாடம் எழுதலாம். எத்தனை நாள் இருக்கு?"

"இருபத்தி நாலு," என்றார் ஒர்தாபெக்.

எதற்கு இருபத்து நாலு என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் அக்மரால் வந்து, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து, நிதானமான குரலில் பேசிவிட்டுப் போனபோது ரவ்ஷானும் பக்கத்தில் இருந்தாள்.

"அக்டோபர் பதினெட்டு, மத்தியானம் ரெண்டு மணிக்கு என்னை வழியனுப்புற விருந்து," என்றிருந்தாள் அக்மரால். "வாழ்த்து நீங்கதான் சொல்லணும்னு எனக்கு ஆசை. ஆனா ஒரு வாய் குடிச்சிருந்தாலும் மாமாவைச் சொல்லச் சொல்லிடுவேன். அவர்கிட்ட பேசிட்டேன்."

பெண்ணை வழியனுப்பும்போது உள்ளங்கைகளை விரித்து வாழ்த்துச் சொல்வது தகப்பன். தகப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, தாய்மாமன் எழுந்து அதைச் சொன்னால் அந்தக் குடும்பத்தில் வேறு விளக்கம் தேவையில்லை. அன்றைக்கு ஒர்தாபெக் சூழ்நிலையை இலகுவாக்க ஒரு வேடிக்கைகூடச் சொல்லிப் பார்த்தார். அக்மரால் சிரிக்கவில்லை. அவள் எப்போதுமே சிரித்ததில்லை. வீட்டில் அவளுக்கு அவர் வைத்த பெயர் 'கல்லு'.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன் மகன் கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல எழுந்தவர், மூன்று அடுக்குக் கேக்கோடு மேடையிலிருந்து உருண்டு இறங்கியிருக்கிறார். அவருக்கு அது ஞாபகம் இல்லை, ஊருக்கு இருந்தது. மறுநாள் காலை அவர் மனைவி குலியாஷ் ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். விளிம்புவரை ஊற்றினாள். விருந்தாளி இருக்க வேண்டுமானால் பாதிக் கிண்ணம் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றலாமே என்று. கிளம்ப வேண்டுமானால் நிறைய ஊற்றுவார்கள். ஒர்தாபெக் அந்தக் கிண்ணத்தைக் குடித்து முடித்து, பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்.

ரவ்ஷானோடு பேசிய மறுநாளே பாடம் ஆரம்பித்தது.

காலையும் மாலையும் கஞ்சி நேரத்தில் வலேரா எதிரில் உட்கார்ந்து கத்தியின் முதுகால் கண்ணாடியைத் தட்டினான். டிங், டிங், டிங். ஒர்தாபெக்கின் முன்னால் ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சி. சர்க்கரை கிடையாது. வோட்கா வராது. ஏப்பம்கூட வராது. முதல் நாள் நாற்பது தட்டுக்கும் வாய் ஊறியது. சட்டை வியர்வையில் நனைந்தது. ரவ்ஷான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

"கிரேன்ல உக்காந்து இருபது டன் தூக்கியிருக்கேன்," என்றான் கிரேன் ஓட்டுநரான வலேரா. "அப்போகூட கை இப்படி வலிக்கல. ஒரெக்கெ, சீக்கிரம் குணமாகித் தொலைங்க."

ஒரு வாரம் போனதும் வெள்ளை விரிப்பு வந்தது. காலி வோட்கா பாட்டிலில் தண்ணீர் வந்தது. அதன் கழுத்தில் வோட்கா நனைத்த பஞ்சு வந்தது. "எடுத்துருவோம்" என்ற குரல் வந்தது. அதை வார்டே சேர்ந்து சொன்னது. ஒர்தாபெக் எழுந்து நின்று வாழ்த்துச் சொல்வார், கதை சொல்வார், கையில் இருக்கும் தேநீரைக் குடித்துவிட்டு உட்காருவார். ரவ்ஷான் ஒரு விதி வைத்திருந்தாள்: ஒரு கையில் மைக், ஒரு கையில் தேநீர்க் கிண்ணம்.

"கையை சும்மா விடாதீங்க," என்றாள். "பழைய வேலையைச் செய்யாதேன்னு கைகிட்ட சொன்னா கேக்காது. வேற வேலை குடுங்க."

கதைகள்தான் எடுபடவில்லை. ஒட்டகத்தைப் பெண் பார்க்கப் போன கதையை வலேரா நான்காவது தடவை கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். மற்றவர்கள் கஞ்சியைக் கிளறினார்கள். ரவ்ஷான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இந்தக் கஞ்சி குடிக்கறவங்களை விடுங்க. இந்த மாகாணத்துலயே என் கதைக்குச் சிரிக்காத ஆளுங்க ரெண்டே பேர்," என்றார் ஒர்தாபெக். "ஒண்ணு என் பொண்ணு. இன்னொண்ணு நீங்க."

"நான் வேலையில இருக்கேன்."

"அவளும் ஏதோ வேலையில இருந்த மாதிரிதான் உக்காந்திருப்பா."

மூன்றாவது வாரம் அதிசயம் நடந்தது. வலேரா தட்டினான். ஒர்தாபெக் கொட்டாவி விட்டார். மறுபடி தட்டினான்; மறுபடி கொட்டாவி. தாடை கழன்றுவிடும் போல வந்தது. அந்தச் சத்தம் கேட்டாலே உப்பும் சர்க்கரையும் இல்லாத அந்த ஓட்ஸ் வாடைதான் மூக்கில் ஏறியது.

"போதும்," என்றார் ஒர்தாபெக். "நாய் செத்துப் போச்சு."

"தூங்குது," என்றாள் ரவ்ஷான். "அதுவும் இந்த வார்டுல மட்டும். இடம் மாறினா முழிச்சுக்கும்."

அதற்கும் அவளிடம் வழி இருந்தது. விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் அவரை மருத்துவமனை வண்டியில் ஏற்றிக்கொண்டு விருந்து மண்டபத்துக்கே போனாள். காலி மண்டபம். இருநூற்றைம்பது நாற்காலிகள். அதே மேடை, அதே சரவிளக்கு. வலேராவும் வந்து மேசைக்கு மேசை நடந்து தட்டினான். ஒர்தாபெக் மேடையில் நின்று முழு வாழ்த்தையும் கதையோடு சொல்லி முடித்து, தேநீரைக் குடித்து, கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். கை கல்போல இருந்தது. ரவ்ஷான்கூட நோட்டை மூடிவிட்டாள்.

"முடிச்சிட்டீங்க," என்றாள். அவளிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அக்டோபர் பதினெட்டு, ஒன்றே முக்கால் மணிக்கு ஒர்தாபெக் புது உடையில் மண்டபத்து வாசலில் நின்றார். அக்மரால் வெள்ளை உடையும் கூம்புத் தொப்பியுமாக அவர் எதிரில் வந்து, கன்னத்தில் முத்தமிடுகிற சாக்கில் முகர்ந்து பார்த்தாள். தள்ளி நின்றாள். தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அது பட்டம் வாங்கின மாதிரி இருந்தது.

குடும்ப மேசையில் குலியாஷ் தேநீர்க் கெண்டியைப் பரிமாறுகிறவளிடமிருந்து வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஒர்தாபெக்கின் கிண்ணத்தில் ஊற்றினாள். அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பாதி.

"என்ன பாக்கறீங்க?" என்றாள் குலியாஷ். "ஈ விழல. குடிங்க."

விருந்தை நடத்தியவன் எர்மெக். முப்பத்தைந்து வயது, பளபளக்கும் கோட்டு, ஒர்தாபெக்கின் இடத்தைப் பிடித்த அசாபா. அவனும் கோப்பையைத்தான் தட்டினான். டிங், டிங். ஒர்தாபெக் கொட்டாவியை உதட்டுக்குள் மடக்கினார். குதிரை இறைச்சித் தட்டுகள் வந்தன. அத்தைமார்கள் வாழ்த்தாகக் கூட்டத்தின்மேல் மிட்டாய் இறைத்தார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த சம்பந்தி கென்ஜெபாய் வோட்கா ஊற்றினார். அந்த வாடையும் வந்தது. ஒர்தாபெக்கின் கை தேநீர்க் கிண்ணத்தைச் சுற்றியபடியே இருந்தது. ஒன்பது வாழ்த்து முடிந்தது. ஒன்பது தடவை கூடம் "எடுத்துருவோம்" என்றது. அவர் ஒன்பது அரைக் கிண்ணம் தேநீர் குடித்தார். கடைசியில் யாரோ ஒருவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் எர்மெக் அவர் பக்கம் வந்தான்.

"பெரிய வாழ்த்து கடைசியில. அது தெரியும். ஆனா ஒரெக்கெயை இவ்வளவு நேரம் சும்மா உக்கார வைக்க எனக்கு மனசு வரல," என்று மைக்கில் சொன்னான். "ஒரு ரெண்டு வார்த்தை."

கூடம் கைதட்டியது. ஒர்தாபெக் எழுந்தார். தேநீர்க் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். இரண்டே வார்த்தைதானே. கை வீசிப் பேசினால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

"எர்மெக் என்னைப் பார்த்துதான் தொழில் கத்துக்கிட்டான்," என்றார். "ஆனா பாருங்க, கெட்டிக்காரன். நான் நடத்துற விருந்துல முதல் பாதியை மட்டும் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிடுவான்."

 கூடம் வெடித்தது. பின்மேசையில் ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். குலியாஷ்கூட கைக்குட்டையால் வாயை மூடினாள்.

"சம்பந்தி பயப்படாதீங்க," என்றார் ஒர்தாபெக். "இன்னைக்கு ரெண்டாம் பாதியிலயும் நான் நின்னுட்டுதான் இருப்பேன்."

இருநூற்றைம்பது பேரின் சிரிப்பு சரவிளக்கைத் தொட்டுவிட்டு இறங்கி வந்து அவர் மார்பில் மோதியது. ஆறு வாரமாகக் கேட்காத சத்தம். உடம்பு முழுக்கச் சூடு பரவியது. மைக்கை எர்மெக்கிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்ன நடந்தது என்று அவருக்கு ஒழுங்காகத் தெரியாது. தெரிந்தபோது கென்ஜெபாய்க்கு ஊற்றி வைத்திருந்த கோப்பை அவருடைய வலது கையில் இருந்தது. கை உயர்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், வீட்டுக்குத் திரும்புகிற ஆள் போல.

உதட்டுக்கும் கோப்பைக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி.

"அப்படிப் போடுங்க சம்பந்தி," என்று கென்ஜெபாய் சந்தோஷமாகத் தன் பக்கத்தில் இருந்த இன்னொரு கோப்பையை எடுத்து அவர் கோப்பையில் மோதினார்.

டிங்.

ஒர்தாபெக்குக்குக் கொட்டாவி வந்தது. சாதாரணக் கொட்டாவி இல்லை. வலேரா தட்டித் தட்டி வளர்த்த கொட்டாவி. தாடை பிளந்தது, கண்ணில் நீர் முட்டியது, மூக்கில் வோட்காவுக்குப் பதிலாக ஆறிப்போன ஓட்ஸ் வாடை ஏறியது. கொட்டாவி முடிந்து கண்ணைத் திறந்தபோது கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். பார்த்துவிட்டுக் கோப்பையை மேசைமேல் வைத்தார். பாம்பைப் பெட்டிக்குள் இறக்குகிற மாதிரி வைத்தார்.

தலையைத் தூக்கினால், மணமகள் மேசையிலிருந்து அக்மரால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தை அல்ல, அவர் கையை. கூடத்தில் சிரிக்காமல் இருந்தது அவள் ஒருத்திதான்.

"காத்து வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு ஒர்தாபெக் நடைபாதைக்கு வந்து போனை எடுத்தார்.

"குடிச்சீங்களா?" என்றாள் ரவ்ஷான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இல்ல. ஆனா கோப்பை கைக்கு வந்துருச்சு. உங்க மணி ஒன்பது தடவை அடிச்சுது, ஒண்ணும் ஆகல. பாட்டில் பக்கத்துலயே இருக்கு, ஒண்ணும் ஆகல. திடீர்னு இது எங்கேர்ந்து வந்துது?"

"அதுக்கு சரியா முன்னாடி என்ன நடந்துது? ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"எர்மெக் கூப்பிட்டான். எந்திரிச்சேன். பேசினேன். சிரிச்சாங்க."

மறுமுனையில் பேனா கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"யாரு சிரிச்சாங்க?"

"எல்லாரும்தான். நான் பேசினா வேற என்ன பண்ணுவாங்க?"

"நம்ம வார்டுல யாரும் சிரிக்கல," என்றாள் ரவ்ஷான் மெதுவாக. "ஒரு நாள்கூட. மண்டபத்துக்குப் போனப்போ நாற்காலிங்கதான் இருந்துது."

"அது என் தப்பு இல்ல. வலேராவுக்கு ரசனை போதாது."

"தப்பு என்னோடது. 'டிங்' உங்களை எழுப்பிவிடற மணி. குடிக்க வைக்கிற மணி அது இல்ல. முப்பது வருஷமா வோட்கா வாய்க்குப் போனது எப்போ? அவங்க சிரிச்சு முடிக்கறதுக்குள்ள. சிரிப்புதான் ஒரெக்கெ உங்க மணி. அதை நான் ஒத்திகையில வைக்கவே இல்ல."

ஒர்தாபெக் சுவரில் சாய்ந்தார். உள்ளே மறுபடி இசை ஆரம்பித்திருந்தது.

"இன்னும் அரைமணியில பெரிய வாழ்த்து," என்றார். "அது ரெண்டு கையையும் விரிச்சு சொல்றது. கிண்ணம் பிடிக்க முடியாது. மைக்கையே எர்மெக்தான் பிடிப்பான். கை காலி. பேசினா சிரிப்பாங்க. அந்தக் கொட்டாவி மறுபடி வருமான்னு தெரியாது."

"மாமா சொல்லட்டும்னு விட்டுடலாமா? அதுல வெக்கமில்ல."

"விட மாட்டேன்."

"அப்போ சிரிக்க வைக்காம பேசுங்க."

"டாக்டர், நான் முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட அப்படிப் பேசினதில்ல. என் அம்மா சாவுலயே ரெண்டு பேர் சிரிச்சாங்க."

"நல்லது," என்றாள் ரவ்ஷான். "உடம்புக்கு அந்தப் பேச்சோட பழக்கமே இருக்காது. அதுக்கப்புறம் குடிக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. போங்க. இந்தத் தடவை அதே மேடைக்கு வேற வழியாப் போங்க."

அவர் போனார்.

நாலரை மணிக்கு எர்மெக் மைக்கை நீட்டிப் பிடித்தான். கூடம் முழுக்க எழுந்து நின்றது. ஒர்தாபெக் மேடைக்கு ஏறி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். இருநூற்றைம்பது பேரும் விரித்தார்கள். கூடவே எல்லோருடைய உதட்டோரமும் தயாராகிவிட்டது. ஒரெக்கெ வாயைத் திறந்தால் சிரிப்பு வரும் என்று அவர்களுக்கும் முப்பது வருஷப் பாடம்.

"இந்தக் கூடத்துல இருக்கற முக்கால்வாசிப் பேரோட கல்யாணத்துல நான்தான் மைக் பிடிச்சேன்," என்றார்.

எங்கோ ஒருவர் முன்கூட்டியே களுக்கென்று சிரித்தார். ஒர்தாபெக்கின் வலது கைவிரல்கள் லேசாக மடங்கின. அவர் அவற்றை நேராக்கினார்.

"சொன்ன கதையெல்லாம் ஞாபகம் இருக்கு. எந்தக் கல்யாணத்துல சொன்னேன்னு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. என் பையன் கல்யாணம் எனக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்கு இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பளபளக்கும் கோட்டுக்குள் எர்மெக் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்மரால் பொறந்த அன்னைக்கு நான் வேற ஊர்ல, யாரோ ஒருத்தர் பொண்ணை வாழ்த்திட்டு இருந்தேன். அவ நடந்த முதல் நாள் எனக்குத் தெரியாது. அவ பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள் நான் தூங்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் அவளை முழுசா பாக்கறேன். மத்தியானம் அவ தொப்பி கொஞ்சம் சாய்ஞ்சிருந்துது. அதை அவ அம்மா ரெண்டு தடவை நேராக்கினா. இது எனக்கு சாகிற வரைக்கும் ஞாபகம் இருக்கும்."

 விரித்த கைகள் காலியாக, அசையாமல் இருந்தன. அவற்றின்மேல் சரவிளக்கின் வெளிச்சம் விழுந்திருந்தது.

"மகளே, நீ போற வீட்டுல அடுப்பு அணையாம இருக்கட்டும். உன் கிண்ணத்துல எப்பவும் பாதியா ஊத்தட்டும், உன்னை இருன்னு சொல்லட்டும். காலையில வீட்டை விட்டுப் போன மனுஷனே சாயங்காலம் திரும்பி வரட்டும். வேற ஆளா வராம இருக்கட்டும்."

வாழ்த்து முடிந்த அடையாளமாக உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார். கூடமும் தடவிக்கொண்டது. அந்த நிசப்தத்தில் துணி உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒர்தாபெக் கையைப் பார்த்தார். அது எங்கேயும் போகவில்லை. எங்கே போவதென்றே அதற்குத் தெரியவில்லை.

மேடையிலிருந்து இறங்கியபோது குலியாஷ் பாதிக் கிண்ணத்தோடு நின்றாள். "சூடு இருக்கு. ஊதிக் குடிங்க," என்றாள். 

வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. கடைசி வண்டியில் சீதன மெத்தைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கதவைச் சாத்த கென்ஜெபாயும் இன்னும் மூன்று பேரும் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அக்மரால் முன்வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கியிருந்தாள். ஒர்தாபெக் கதவின்மேல் கையை வைத்துக் குனிந்தார். சொல்ல வேண்டியதையெல்லாம் உள்ளேயே சொல்லியாகிவிட்டது. மெத்தை வண்டியைப் பார்த்தார். பழக்கம், வாய் தானாக முந்திக்கொண்டது.

"நாற்பது மெத்தை. அந்த வீட்டுல எந்திரிக்கற எண்ணமே யாருக்கும் இல்ல போலிருக்கு."

அக்மரால் சிரித்துவிட்டாள்.

சின்னச் சிரிப்பு இல்லை. தொப்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது ஒர்தாபெக்குக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பயந்துபோய்த் தன் கையைப் பார்த்தார். அது வண்டிக் கதவின்மேல் வைத்தது வைத்தபடி இருந்தது. அக்மராலும் அதைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்லையேம்மா," என்றார் ஒர்தாபெக். "என் கதை எதுவும் உனக்குப் பிடிக்காதுன்னுல்ல நெனைச்சிருந்தேன்."

"எல்லாமே பிடிக்கும்பா. ஆனா ஜனங்க சிரிச்சதும் நீங்க குடிப்பீங்கன்னு ஏழு வயசுல கண்டுபிடிச்சேன், அதான் நான் ஒருத்தியாவது சிரிக்காம இருந்தேன்."